எங்கள் வாசலில் வளர்ந்த சாலை

கல்யாணமாகி மண்ணூர் வீட்டுக்குள் நான் படியேறி நுழைந்தேன். இப்போது படியிறங்கி நுழைகிறேன். வீடு அதே இடத்தில்தான் இருக்கிறது, நானும் அதே மருமகள்தான். நடுவில் வளர்ந்தது சாலை. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ஒரு படியை விழுங்கிக்கொண்டே வந்தது. இதில் எனக்கென்று ஒரு தனிப் பெருமையும் உண்டு. அந்தச் சாலையைப் போட்டது நான் வேலை பார்க்கும் கம்பெனி. தரம் பார்த்து ‘ஓகே’ சொன்னது நான்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். சிவில் படித்துவிட்டு, சாலை போடுகிற ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு வந்தேன். வல்லம் வடகால் ஹாஸ்டலில் மூட்டைப்பூச்சியோடு கொஞ்ச காலம் குடும்பம் நடத்தினேன். அப்புறம் கார் உதிரிபாகக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்த மண்ணூர்க்காரர் ஒருவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டேன். அவரோடு சேர்த்து அவர் அம்மாவும் எனக்குக் கிடைத்தார். சும்மா சொல்லக்கூடாது, இரண்டில் அம்மாதான் சுவாரசியம்.

என் மாமியார் சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். கொத்தனாரோடு மல்லுக்கு நின்று, செங்கல்லைத் தட்டிப் பார்த்து இறக்கி, அந்த வீட்டைக் கட்டியவர் அவர்தான். இப்போது இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. மாடிப்படி நினைத்தும் பார்க்க முடியாது. மாடியில் ராமநாதபுரம் பக்கத்துப் பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். நைட் ஷிப்டுக்காரன் எழுந்து போன படுக்கையின் சூடு ஆறுவதற்குள் பகல் ஷிப்டு முடிந்தவன் வந்து படுப்பான். மாமியாருக்குக் கீழே, ரோட்டைப் பார்த்த முன்னறைதான் உலகம். அங்கே ஒரு கட்டில், ஒரு டிவி, ஒரு ஜன்னல். ஜன்னல் வழியாகக் கன்டெய்னர் லாரிகளின் சக்கரம் தெரியும். நான் வந்த புதிதில் சக்கரத்தின் மேல்பாதிதான் தெரிந்தது, பிறகு முழுச் சக்கரம், பிறகு சாலையே தெரிந்தது என்பதை நான் மிகத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

போன வருட மழையில் தண்ணீர் சாலையிலிருந்து வழிந்து வாசற்படியின் விளிம்பு வரைக்கும் வந்து நின்றது. உள்ளே வரவில்லை, எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. அன்றைக்குப் பூராவும் மாமியார் கட்டில்மேல் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரக்கோணத்தில் இருக்கும் என் நாத்தனார் போன் போட்டு, ‘எங்க வூடு மேட்டுல கீதும்மா, இங்க வந்துடு’ என்று அழுதார். மாமியார் போனை வாங்கித் தெளிவாகச் சொன்னார்.

“இது நா கட்டன வூடு. தண்ணி வாசப்படிய தாண்டட்டும், நானே பொட்டிய கட்டிக்கினு வரேன். அது வரிக்கும் எவளும் என்ன கூப்புடாதீங்க.”

ஆக, எல்லை வகுத்தாகிவிட்டது. அந்த வாசற்படி இருக்கிறவரை அவர் அந்த வீட்டில் இருப்பார். வாசற்படியை விடச் சாலை உயர்ந்துவிட்டால் இல்லை.

சாலை ஏன் வளர்ந்தது என்று சொல்ல வேண்டும். எங்களைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய கம்பெனியின் கேட். உள்ளே விட டோக்கன் கிடைக்கிறவரை லாரிகள் வெளியே வரிசையில் நிற்கும். வரிசையின் வால் சரியாக எங்கள் வாசலில் இருக்கும். ஓடுகிற லாரியைச் சாலை மன்னித்துவிடும், நிற்கிற லாரியை மன்னிக்காது. சித்திரை வெயிலில் தார் இளகிக் கிடக்கும் நேரத்தில், இரும்பு ஏற்றிய ஒரு லாரி ஒரே இடத்தில் நின்று இன்ச் இன்ச்சாக நகர்ந்தால், சக்கரத்துக்கு அடியில் இருப்பதெல்லாம் அமுங்கும், பக்கவாட்டில் பிதுங்கும். அடுத்த லாரியும் அதே தடத்தில்தான் வந்து நிற்கும். தமிழ்நாட்டில் லேன் ஒழுக்கம் முழுசாகக் கடைப்பிடிக்கப்படும் ஒரே இடம் எங்கள் வாசல்தான் என்று நினைக்கிறேன்.

இப்படி உண்டாகும் இரண்டு நீளப் பள்ளங்களைத் தொழிலில் ‘ரட்டிங்’ என்பார்கள். சக்கரப் பள்ளம் என்று நான் தமிழில் சொல்லிக்கொள்வேன். மாமியார் ‘வாய்க்கா’ என்பார். மழை பெய்தால் அதில் தண்ணீர் ஓடுவதால் அவர் வைத்த பெயரில் குற்றம் காண முடியாது. ஸ்கூட்டியில் போகிற ஒரு பெண் தெரியாமல் அந்தப் பள்ளத்துக்குள் சக்கரத்தை விட்டால், தண்டவாளத்தில் போவது போல நேராகக் கம்பெனி கேட் வரைக்கும் போய்த்தான் ஆக வேண்டும். நடுவில் காய்கறி வாங்க நினைத்தால் அது அவள் தலையெழுத்து.

பள்ளம் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சாலை என்பது மேலே தெரியும் கறுப்பு மட்டும் இல்லை. அடியில் மண். அதன்மேல் ஜல்லிப் படுகை. அதன்மேல் பெரிய ஜல்லி கலந்த தடித்த தார் அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே பொடி ஜல்லி கலந்த மெல்லிய மேல் அடுக்கு. லாரியின் பாரத்தைச் சுமப்பது கீழே இருப்பவர்கள், போட்டோவில் விழுவது மேலே இருப்பவர். பள்ளம் கண்டால் இவர்களில் யார் அமுங்கியது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மேலாள் மட்டும்தான் என்றால் அவரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாம். அடிமண்ணே அமுங்கியிருந்தால் மேலே எதைப் போட்டாலும் அதுவும் கூடவே அமுங்கும். குழிந்த மெத்தைமேல் இன்னொரு போர்வை விரிப்பது போலத்தான். இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. நெடுஞ்சாலைத் துறை அதிகாரிக்குத் தெரியும், காண்ட்ராக்டருக்குத் தெரியும், கலவை கொண்டுவரும் டிப்பர் டிரைவருக்கும் தெரியும். எல்லோரும் தெரிந்துகொண்டேதான் போர்வை விரித்தோம். அதற்கு ‘ஓவர்லே’ என்று ஒரு பெயரும் வைத்தோம்.

விரித்துக் கொஞ்ச நாள் லாரி ஓடிய பிறகு ஒரு சடங்கு உண்டு. சாலையில் உருளை வடிவில் ஒரு துண்டை அறுத்தெடுத்து, சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது. கோர் எடுப்பது என்போம். எங்கே எடுப்பது என்பதை அதிகாரி ஷூ முனையால் காட்டுவார். அது எப்போதும் இரண்டு சக்கரத் தடங்களுக்கும் நடுவே, எந்த லாரியும் மிதித்தே இராத இடமாக இருக்கும்.

“நல்ல எடமா பாத்து எடுங்க மேடம்” என்பார்.

நல்ல இடத்தில் எடுத்தால் நல்ல ரிசல்ட் வரும். நோயாளியை விட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டில்காரருக்கு ரத்தப் பரிசோதனை செய்து, ‘ஆரோக்கியமாக இருக்கிறார்’ என்று எழுதிக்கொடுக்கிற வேலை. ஒருமுறை எனக்குப் பொறுக்கவில்லை. தடத்திலேயே ஒன்று எடுக்கலாமே சார் என்றேன்.

“அங்க பள்ளமா இருக்கே மேடம். மெஷின் நேரா நிக்காது” என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. நிஜமான அக்கறையோடுதான் சொன்னார். அந்த மெஷின் அப்படித்தான், பள்ளத்தில் நிற்காது.

இந்த வருடம் கோடை முடியும் சமயத்தில் வாய்க்கால்கள் முன்னெப்போதையும் விட ஆழமாகிவிட்டன. போதாததற்கு, கேட்டுக்கு உள்ளே இருக்கும் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வரப்போவதாகச் செய்தி. போன முறை வந்த குழுவில் ஒருவர் எங்கள் வாசலைத் தாண்டும்போது காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டாராம். அந்தச் சட்டையின் கறை இங்கிருந்து தலைநகரம் வரைக்கும் பேசப்பட்டது. போன வருடம் அதே இடத்தில் பால்காரர் வண்டியோடு விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டது ரேஷன் கடை வரைக்கும்கூடப் போய்ச் சேரவில்லை. உடனே ஓவர்லேக்கு அனுமதி வந்தது. ஒப்பந்தம் எங்களுக்கு.

அன்று மாலை நான் வீட்டு வாசலில் நூல் கட்டி மட்டம் பார்த்தேன். சாலைக்கும் வாசற்படிக்கும் நடுவே சுண்டுவிரல் உயரம்தான் மிச்சம். இன்னொரு அடுக்கு விழுந்தால் சாலை மேலே, படி கீழே. முதல் மழைக்கே தண்ணீர் நேராக மாமியாரின் கட்டிலுக்கு அடியில் போகும்.

“இன்னாம்மா நூலு புடிச்சிகினுகீற? கல்யாணப் பந்தலா?” என்றார் மாமியார், ஜன்னலிலிருந்து.

“ஒண்ணுமில்ல அத்தை. சும்மா பாக்கேன்.”

“சும்மா பாக்கறவ மூஞ்சி இப்டி இருக்காது” என்றார்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. இது மேல் அடுக்கின் நோய் இல்லை, அடியில்தான் ஏதோ இருக்கிறது என்று கண்ணெதிரே காட்டிவிட்டால், பழைய அடுக்குகளை எல்லாம் பெயர்த்து எடுத்துவிட்டுக் கீழேயிருந்து போடச் சொல்வார்கள். சாலையும் பழைய மட்டத்துக்கு இறங்கும். எங்கள் சைட் மேனேஜரிடம் போய், போடுவதற்கு முன்னால் சாலையின் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டி, எந்த அடுக்கு அமுங்கியிருக்கிறது என்று பார்ப்போம் என்றேன்.

“தெரிஞ்சு என்ன மேடம் பண்ணப் போறோம்?” என்று கேட்டார் அவர்.

இந்தத் தொழிலில் நான் கேட்ட மிக நேர்மையான கேள்வி அது. ஆனால் என் நல்ல நேரமோ கெட்ட நேரமோ, இந்த முறை மேலிடத்தில் யாரோ ‘ஏன் அடிக்கடி பள்ளம் விழுகிறது, காரணம் என்ன’ என்று கேட்டிருந்தார்கள். அதிகாரிக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது. வெட்டச் சொல்லிவிட்டார். பள்ளம் எங்கே அதிகமோ அங்கே வெட்ட வேண்டும் என்பது விதி. எங்கள் வாசலில்தான் அதிகம்.

வெட்டுகிற அன்று மாமியார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எங்கள் வீட்டுக் கேட் ஓரமாகப் போடச் சொல்லி, தண்ணீர் பாட்டிலோடு வந்து உட்கார்ந்துவிட்டார். மாடிப் பையன்கள் தூக்கத்தை விட்டுவிட்டு மேலே கைப்பிடிச் சுவரில் தொற்றிக்கொண்டு நின்றார்கள். பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் வாசலுக்கு வந்தன. மெஷின் அறுத்து, ஆட்கள் தோண்டி எடுத்ததும், நான் உள்ளே இறங்கி வெட்டுமுகத்தைத் துடைப்பத்தால் பெருக்கிவிட்டுப் பார்த்தேன்.

எனக்கு மெய் சிலிர்த்தது. நான் படித்த படிப்பு அத்தனையும் அங்கே சுவரில் தெரிந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக நாங்கள் போட்ட அடுக்குகள். நடுவே மெல்லிசாக வெள்ளைக் கோடுகள். ஒவ்வொரு முறையும் சாலைக்கு அடித்த பெயின்ட், அடுத்த அடுக்குக்கு அடியில் புதைந்தது. சக்கரத் தடத்துக்கு நேர்கீழே அத்தனை அடுக்கும் ஒன்றுபோலக் குழிந்திருந்தன. யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, எல்லோரும் சேர்ந்தே இறங்கியிருந்தார்கள். ஆக, மேலே யார்மேலும் தப்பில்லை. இன்னும் கீழே தோண்டச் சொன்னேன். ஜல்லிப் படுகைக்கு அடியில் களிமண், பிசைந்த மாவாகக் கையோடு வந்தது. தண்ணீர் கசிந்தது.

“பாருங்க சார்!” என்றேன். “அடிமண்ணு ஊறிப் போயிருக்கு. மேல எத்தன அடுக்கு போட்டாலும் நிக்காது.”

அதிகாரி குனிந்து பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

“இன்னா மேடம், சோப்பு வாசன வருது?”

வந்தது. எனக்கு நன்றாகப் பழக்கமான வாசனை. எங்கள் வீட்டுத் துவைக்கிற கல்லருகே தினமும் நான் நுகர்கிற சோப்புத்தூள். ஆட்கள் ஓரமாக இன்னும் கொஞ்சம் தோண்ட, ஜல்லிக்கு நடுவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பைப்பின் வாய் வெளியே வந்தது. அதிலிருந்து சொட்டுச் சொட்டாக நுரைத் தண்ணீர்.

“யாரு வூட்டு பைப்பு இது?” என்று கத்தினார் அதிகாரி.

ஊர் வாயை மூடிக்கொண்டது. என் மாமியார் மூடவில்லை.

“நம்ம வூட்டுது சார்! நாந்தான் போட்டன்” என்றார், நாற்காலியிலிருந்தபடியே, பெருமை தாங்காமல். “பிளம்பரு ஓரமா குழியோட வுட்டுடறேன்னான். நாந்தான் ரோட்டுக்கு அடியில நல்லா உள்ள தள்ளி வுடு, அப்பதான் தண்ணி திரும்பி வராதுன்னு சொன்னன். மழ வந்தா மோட்டார் போட்டு அதுலயே வுட்டுடுவோம். பாருங்க, எத்தினி லாரி போவுது மேல, ஒரு விரிசல் வுட்டுகீதா? ஐஎஸ்ஐ பைப்பு சார்.”

சாலைக்கு அடியில் இருந்தவற்றிலேயே தரப் பரிசோதனையில் தேறியது அந்த பைப் ஒன்றுதான்.

எதிர் வரிசையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடுப்பில் பால் இருப்பது ஞாபகம் வந்து உள்ளே போனார்கள். பிற்பாடு ஓரமாகத் தோண்டிக்கொண்டே போனபோது அத்தனை வீட்டுக்கும் ஒரு பைப் கிடைத்தது. நான் ஒரு சாலைப் பொறியாளர். என் வீட்டில் குளித்த தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. ஏரிக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

நடந்தது இதுதான். முன்பு சாலையோரம் ஒரு சின்ன ஓடை இருந்தது, வீட்டுத் தண்ணீர் அதில் போயிற்று. சாலையை அகலப்படுத்தியபோது ஓடை மூடப்பட்டது. சாலை உயர உயர வீட்டுத் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. மக்கள் சாலைக்கு அடியில் பைப்பைச் செருகினார்கள். அடிமண் ஊறியது. லாரி நின்றது, பள்ளம் விழுந்தது. பள்ளத்தை மறைக்க நாங்கள் ஓவர்லே போட்டோம். சாலை இன்னும் உயர்ந்தது. வீடு இன்னும் தாழ்ந்தது. தாழ்ந்த வீட்டிலிருந்து இன்னும் அதிகத் தண்ணீரை இறைத்துச் சாலைக்குள்ளேயே விட்டார்கள். வீட்டைக் காப்பாற்ற ஊர் சாலையைக் கெடுத்தது, சாலையைக் காப்பாற்ற நாங்கள் வீட்டைக் கெடுத்தோம். இரண்டு தரப்பும் வேலையை மனசாரச் செய்தோம்.

அதிகாரி முகத்தில் நான் இதுவரை பார்த்திராத சந்தோஷம்.

“காரணம் கெடச்சிருச்சு மேடம்! அருமையான வேல பண்ணீங்க. பைப்ப எல்லாம் கான்கிரீட் வச்சு அடச்சிடுங்க. பள்ளத்த மூடிட்டு ஓவர்லே போட்டுடலாம்.”

“சார், பைப்ப அடச்சாலும் அடிமண்ணு சேறாத்தானே கெடக்கு? எல்லாத்தையும் எடுத்துட்டுக் கீழ இருந்து போடணும் சார். மட்டம் இறங்கணும். ஓரத்துல வடிகால் வேணும்.”

“வடிகால் வேற டிபார்ட்மென்ட். தோண்டிப் போடறதுக்கு வேற எஸ்டிமேட். நமக்கு ஓவர்லேக்குதான் சாங்ஷன் இருக்கு. குழு வேற வருது.”

“அப்ப வீட்டுத் தண்ணி எங்க சார் போகும்?”

“அது வீட்டுக்காரங்க பிரச்சன.”

“நானும் வீட்டுக்காரிதான் சார்” என்றேன். “அது எங்க வீடு. அங்க உக்காந்திருக்கது என் மாமியார்.”

அவர் என்னையும் கேட்டையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. முகம் நிஜமாகவே வாடிவிட்டது.

“அப்புறம் எதுக்கு மேடம் தோண்டச் சொன்னீங்க?” என்றார்.

காரணம் தெரிந்தால் வைத்தியம் நடக்கும் என்று நம்பிய ஒரே முட்டாள் அந்தச் சாலையில் நான்தான்.

அன்று வீட்டில் பெரிய கச்சேரி. மாமியார் என் பக்கம் திரும்பவே இல்லை, டிவியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ஊரு பூரா பைப்பு வுட்டுகீறான். ஒரு படிச்ச பொண்ணு எங்க வூட்ல தான் கீது, அது எங்க வூட்டு வாசல்ல தான் தோண்டணும்.”

“பள்ளம் இங்கதான் அத்தை அதிகம்.”

“அதிகமா தான் இருக்கும். நா போட்ட பைப்பு தான் பெருசு” என்றார். அந்த நேரத்திலும் அந்தப் பெருமையை விடவில்லை.

என் கணவர் நடுவில் புகுந்து, வீட்டையே ஜாக்கி வைத்து உயர்த்தித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், படப்பையில் ஒரு வீட்டைக்கூடத் தூக்கினார்கள் என்றார்.

“ஜாக்கி வச்சி தூக்கறதுக்கு இது இன்னா லாரியாடா, பஞ்சரு பாக்கறதுக்கு?” என்று அவர் வாயையும் அடைத்தார் அம்மா. பைப்பை அடைத்த மறுநாளே பின்கட்டில் துவைத்த தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி நின்றது. மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் அதைப் பார்த்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அரக்கோணத்துக்குப் போன் போடச் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் வந்தது.

ஓவர்லே போடும் நாள் வந்தது. ரோலர் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். சாலையின் ஆயுளுக்காக எங்கள் தொழிலில் முழு நம்பிக்கையோடு செய்யப்படும் வேலை இது ஒன்றுதான். நான் தெர்மாமீட்டரோடு என் வீட்டு வாசலிலேயே நின்றேன். கலவை தேவையான சூட்டில் வந்து சேர்ந்தால்தான் ரோலர் மிதிக்கும்போது இறுகும். ஆறிப்போய் வந்தால் எத்தனை முறை மிதித்தாலும் உதிரி உதிரியாகத்தான் இருக்கும், அதைத் திருப்பி அனுப்பும் உரிமை எனக்கு உண்டு. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதிகாரியும் மேனேஜரும் என் வார்த்தைக்குக் கட்டுப்பட வேண்டும்.

ஒரகடம் கூட்டுரோட்டில் டிராபிக் ஜாம் என்றார்கள். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். முதல் டிப்பர் தாமதமாக வந்து நின்றது. தெர்மாமீட்டர் கம்பியைச் சொருகினேன். ஆறியிருந்தது. என் வாழ்நாளில் இவ்வளவு ஆசையாக நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

“ரிஜெக்ட். திருப்பி அனுப்புங்க.”

மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். மாமியார் ஜன்னலிலிருந்து, “இன்னாம்மா, ரோடு போடலியா?” என்றார். குரலில் ஒரு தெம்பு. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஜாம் சாயங்காலம் வரை நீடிக்கட்டும், எல்லா லாரியும் ஆறிப்போய் வரட்டும், குழு வந்து பள்ளத்தில் குலுங்கிக்கொண்டே ஊர் போய்ச் சேரட்டும் என்று கோவில்பட்டிச் சாமிகளிடமும் மண்ணூர்ச் சாமிகளிடமும் ஒரே நேரத்தில் வேண்டினேன். சூட்டைக் காப்பாற்று என்று வேண்டிப் பழக்கப்பட்டவள், ஆறிப்போ என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

அடுத்த டிப்பர் வந்தது. தார்ப்பாயை விலக்கியதும் முகத்தில் அனல் அடித்தது. சொருகிப் பார்க்கவே தேவையில்லை. இருந்தாலும் சொருகினேன். பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் சூடு. ஒரு குறை சொல்ல முடியாது.

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். பொய் சொல்லலாம். இதையும் திருப்பினால் நாளைக்கு வேறொரு லாரி வரும், நாளை மறுநாள் வேறொரு தரக்கட்டுப்பாட்டு ஆள் வருவான். ஏனோதானோ என்று போட விட்டால் மூன்று மாதத்தில் பெயர்ந்துவிடும், அதன் தலையில் இன்னொரு ஓவர்லே விழும். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும், அந்த வீட்டுக்கு நான் செய்யக்கூடிய ஒரே நல்லது இந்த அடுக்கை ஒழுங்காகப் போடுவதுதான். இது எவ்வளவு நாள் நிற்கிறதோ அவ்வளவு நாள் அடுத்தது வராது. ஒரு மருமகளுக்கு இந்தப் பிழைப்பு வரக்கூடாது.

“ஓகே” என்றேன். “போடுங்க.”

அதன்பிறகு எனக்கு வெறி பிடித்தது போல் ஆகிவிட்டது. ரோலர்காரரை ஒரு கோடு விடாமல் மிதிக்க வைத்தேன். இணைப்பில் ஒரு ஜல்லி உதிரியாகத் தெரிந்தாலும் எடுத்துவிட்டு நிரப்பச் சொன்னேன். ஓரம் நேராக இல்லை என்று இரண்டு முறை திருத்த வைத்தேன். மேனேஜர், “மேடம், ஏர்போர்ட் ரன்வேயா போடறோம்?” என்று சலித்துக்கொண்டார். வெயில் தாழ்ந்தபோது வேலை முடிந்தது. நீளமான மட்டப்பலகையைப் போட்டுப் பார்த்தால் அடியில் ஒரு காகிதம் நுழையாது. என் கையால் இதைவிட நல்ல சாலை இதற்கு முன்னால் அமைந்ததில்லை. அடியில் மண் சேறாக இருந்தது.

நாத்தனார் காரோடு மறுநாள் மத்தியானம் வந்தார். மாமியார் பெட்டியோடு தயாராக இருந்தார். தண்ணீர் இன்னும் வரவில்லையே, மழைக்கு நாள் இருக்கிறதே, இருங்கள் என்று கெஞ்சினேன்.

“தண்ணி வந்தப்புறம் போனா தொரத்திட்டாப்புல ஆயிடும்மா. இப்ப போனா நானா போனாப்புல இருக்கும்” என்றார்.

முன்பு இறங்கிப் போன வாசலிலிருந்து இப்போது சாலைக்கு ஏறுவதற்கு அவர் முட்டி ஒத்துழைக்கவில்லை. என் கணவரும் மாடிப் பையன்கள் இரண்டு பேரும் அவரை நாற்காலியோடு தூக்கிச் சாலையில் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் எழுந்து நின்றார். செருப்பைக் கழற்றினார். புதுத் தாரின்மேல் வெறுங்காலை வைத்து, முன்னும் பின்னுமாக மெதுவாகத் தேய்த்துப் பார்த்தார். செங்கல் தட்டிப் பார்த்து வாங்கியவர் அல்லவா, அந்தக் கவனம் அப்படியே முகத்தில் இருந்தது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“ஏம்மா, நல்லா போட்டுகீற” என்றார். “நம்ம வூட்டு தரகூட இவ்ளோ மட்டமா இல்ல. எந்த கொத்தனாரும் எனக்கு இப்டி செஞ்சி குடுக்கல.”

கேலி இல்லை. அவருக்குக் கேலி வந்தால் கண் சுருங்கும், எனக்குத் தெரியும். அவர் வேலையைப் பார்த்துச் சொன்னார். இத்தனை வருடத்தில் நான் போட்ட சாலையை நன்றாக இருக்கிறது என்று ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை. சொன்னது இவர் ஒருவர்தான். சொல்லிவிட்டுக் கார் கதவைப் பிடித்து உள்ளே ஏறினார்.

கார் குலுங்காமல் போயிற்று. நான் நடுரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். பின்னால் வந்து நின்ற கன்டெய்னர் லாரிக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஹாரன் அடித்தார்.